சுவர்க்கடிகாரத்தின் உள்ளே

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளில், ஊரிலிருந்து வந்த பண்டம் ஒன்றிரண்டு எப்பொழுதும் இருக்கும். சில வீடுகளில் அது பித்தளை அண்டா; சில வீடுகளில் ஊஞ்சற் பலகை. தில்லியில் என் வீட்டில் இருப்பது, சாவி கொடுத்து ஓட்டும் சுவர்க்கடிகாரம். கும்பகோணத்தில் என் தந்தையார் ஞாயிறுதோறும் காலையில் முக்காலியின்மேல் ஏறி நின்று அதற்குச் சாவி கொடுப்பார். அவர் காலமான பிறகு என் தாயார் என்னுடன் வசிக்க வந்தபோது, பழைய புடைவையொன்றில் அதைச் சுற்றி, வழி நெடுக ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஊரில் வாரத்துக்கு அரை நிமிஷம்கூடப் பிசகாத அக்கடிகாரம், இங்கே சுவரில் மாட்டிய நாளிலிருந்து முன்னால் ஓடத் தொடங்கிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ நாற்பது வினாடி. வாரக் கடைசியில் நாலரை நிமிஷத்துக்கும் மேல். “இதற்கும் தில்லி அவசரம் பிடித்துக்கொண்டதோ!” என்றார் தாயார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் முகம் வாடியிருந்தது. பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. “உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது. கழற்றி எறிந்துவிட்டு பாட்டரி மிஷின் வைத்துத் தருகிறேன். ஊசல் சும்மா அழகுக்கு ஆடிக்கொண்டிருக்கும்” என்றார். ஒரு வாரம் பொறுத்துச் சொல்வதாகக் கூறித் திரும்பினேன். அந்த ஒரு வாரத்தில் கடிகாரத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நாம் சாவி கொடுக்கும்போது செய்வது என்ன? பித்தளை உருளைக்குள் இருக்கும் நீண்ட எஃகுத் தகட்டை இறுக்கிச் சுருட்டுகிறோம். இதுதான் மெயின் ஸ்பிரிங். சுருட்டப்பட்ட தகடு விரிய முயலும். அந்த முயற்சியே எட்டு நாளைக்குக் கடிகாரத்தின் ஆகாரம். கோபுரக் கடிகாரங்களில் இவ்வேலையைக் கனத்த எடை செய்தது: மேலே ஏற்றிவிட்டால் அது மெல்ல இறங்கிக்கொண்டே சக்கரங்களைச் சுழற்றும். என் கடிகாரத்தின் முகத்தில் சாவித் துவாரங்கள் இரண்டு. ஒன்று நேரம் காட்டும் வில்லுக்கு, மற்றது மணி அடிக்கும் வில்லுக்கு. மணியடிக்கும் வில்லின் உழைப்பு இலேசானதன்று. ஒன்று முதல் பன்னிரண்டு வரை இருமுறை அடித்தால் 156. அரை மணிக்கொரு அடி சேர்ந்தால் நாளொன்றுக்கு 180.

வில்லை அப்படியே விட்டுவிட்டால் சில விநாடிகளில் கரகரவென்று விரிந்து ஓய்ந்துபோகும். அதனிடமிருந்து சக்தியை வாங்கிக் கொடுப்பது பற்சக்கர வரிசை. பெரிய சக்கரம் ஒன்று, சிறிய பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றும். அச்சிறியதன் அச்சிலேயே மற்றொரு பெரிய சக்கரம் பொருத்தியிருக்கும். அது அடுத்த சிறியதைச் சுழற்றும். 64 பற்கள் உடையது 8 பற்கள் உடையதைச் சுழற்றினால் வேகம் எட்டு மடங்காகும். அடுத்து 60 பற்கள் 8 பற்களைச் சுழற்றினால் ஏழரை மடங்கு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், அறுபது. மணிக்கு ஒரு முறை சுற்றும் அச்சில் நிமிஷ முள்ளையும், அதைவிட அறுபது மடங்கு விரைந்து சுற்றும் அச்சில் வினாடி முள்ளையும் வைப்பதற்கு இந்தக் கணக்கே போதும். மணி முள்ளுக்கு மட்டும் முகத்தட்டின் பின்னால், பன்னிரண்டில் ஒரு பங்காக வேகத்தைக் குறைக்கும் தனிச் சக்கரங்கள் உண்டு.

ஆனால் சக்கரங்கள் நேரத்தை அறியா. தள்ளினால் சுழலும், அவ்வளவுதான். கடிகாரத்தைக் கடிகாரமாக்குவது, சக்தியைத் தடுத்துத் தடுத்து விடுகிற உறுப்பு. ஆங்கிலத்தில் எஸ்கேப்மென்ட் என்பர். தப்பவிடும் உறுப்பு என்று நாம் சொல்லலாம். வரிசையின் கடைசிச் சக்கரத்தின் பற்கள் கூராக, சாய்வாக இருக்கும். அதன்மேல் நங்கூரம் போன்ற ஒரு துண்டு இரு அலகுகளையும் நீட்டிக்கொண்டு, ஊசலோடு சேர்ந்து ஆடும். ஊசல் ஒரு பக்கம் போகும்போது ஓர் அலகு விலகும். காத்திருந்த பல் ஒன்று தப்பி ஓடும். ஓடியது வெகுதூரம் போவதற்குள் மறுபக்கத்து அலகு வேறொரு பல்லைத் தடுத்துவிடும். நாம் கேட்கும் ‘டிக்’ என்னும் ஓசை, அப்பல் வந்து அலகில் மோதும் ஓசைதான். ஒவ்வொரு பல்லும் தப்புகிற சமயத்தில் அலகைச் சிறிது தள்ளிவிட்டே போகிறது. அந்தத் தள்ளல் நங்கூரத்தின் வழியாக ஊசலுக்குப் போய்ச் சேருகிறது. காற்றிலும் உராய்விலும் ஊசல் இழந்ததை அது ஈடு செய்கிறது. ஊஞ்சலில் குழந்தையை ஆட்டும் தாய், அது திரும்பி வரும் தருணம் பார்த்து இலேசாகத் தள்ளுவாள் அல்லவா? அப்படித்தான். ஆக, சக்கரம் ஊசலை ஆட்டுகிறது. ஊசல் சக்கரத்தைக் கட்டுப்படுத்துகிறது. இவ்விருவரில் எஜமானன் யார் என்று கேட்டால், ஊசலே என்பேன்.

‘டிக்’கும் ‘டாக்’கும் சம இடைவெளியில் கேட்க வேண்டும். நொண்டி நடப்பவர் போலக் கேட்டால் கடிகாரம் சாய்வாகத் தொங்குகிறது என்று பொருள். வாடகை வீட்டின் ஆணி எங்கே இருக்கிறதோ அங்கே மாட்டிவிட்டு, ‘அடிக்கடி நின்றுவிடுகிறது’ என்று குறைப்படுவோர் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் அடிப்பாகத்தைச் சிறிது இடமோ வலமோ நகர்த்தினால் பல நேரங்களில் பழுதே நீங்கிவிடும்.

இனி ஊசல். அது சிறு வீச்சுகளில் ஆடும் வரை, வீச்சு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஆடும் நேரம் ஏறக்குறைய மாறுவதில்லை. இதைக் கண்டவர் இத்தாலியரான கலீலியோ. இதைக் கொண்டு 1656-இல் கடிகாரம் அமைத்தவர் ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ். ஆடும் நேரத்தை நிர்ணயிப்பவை இரண்டே: ஊசலின் நீளம், பூமியின் இழுப்பு. ஏறத்தாழ 99 செண்டிமீட்டர் நீளமுள்ள ஊசல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு வினாடி எடுத்துக்கொள்ளும். 25 செண்டிமீட்டர் நீளமுள்ளதற்கு அரை வினாடி. என் கடிகாரம் இந்த இரண்டாவது வகை.

நீளம் ரயிலில் மாறவில்லை. மார்கழிக் குளிரில் சுருங்கியிருக்குமோ என்று எண்ணினேன். எஃகுக் கம்பியாக இருந்தால் ஒரு டிகிரிக்கு நாளில் அரை வினாடி வித்தியாசம் வரும். என் கடிகாரத்தில் இருப்பதோ மரத்தண்டு. வெப்ப மாற்றத்தால் அதன் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை. எஞ்சியது பூமியின் இழுப்பு.

1672-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் ரிஷே, வான ஆராய்ச்சிக்காகத் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேன் நகருக்குச் சென்றார். பாரிஸில் திருத்தி வைத்த ஊசற்கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கிற்று. ஊசலைச் சற்றே குட்டையாக்கிய பிறகுதான் சரியாயிற்று. கடிகாரத்தில் குற்றமில்லை, நிலநடுக்கோட்டுக்கு அருகில் பூமியின் இழுப்பே குறைவு. பூமி தன்னைத் தானே சுற்றுவதால் அங்கே பொருள்களின் எடை சிறிது குறைகிறது. தவிர, பூமி நடுவில் சற்றுப் புடைத்திருப்பதால் அங்கே நிற்பவர் அதன் மையத்திலிருந்து விலகி நிற்கிறார். பூமியின் இவ்வடிவத்துக்குச் சான்றாக நியூட்டன் தம் 1687-ஆம் ஆண்டு நூலில் ரிஷேயின் கடிகாரத்தை எடுத்துக் காட்டினார்.

கும்பகோணம் பதினோராவது அட்சரேகையை ஒட்டியது. தில்லி இருபத்தெட்டரையைத் தாண்டியது. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். இழுப்பின் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நாளொன்றுக்கு 1,72,800 முறை ஆடும் ஊசலில் அச்சிறு வித்தியாசம் குவிந்து, ஏறத்தாழ நாற்பது வினாடியாகிறது. என் கடிகாரம் ஓடியதும் அதே நாற்பது வினாடி! இதே கடிகாரம் மும்பைக்குப் போயிருந்தால் சுமார் இருபது வினாடியும், கொல்கத்தாவுக்குப் போயிருந்தால் இருபத்தைந்து வினாடியும் முந்தியிருக்கும். பெங்களூருக்குப் போனவர்களின் கணக்கு வேறு. உயரம் ஏற ஏற இழுப்பு குறையும். ஆகையால் அங்கே கடிகாரம் சில வினாடிகள் பின்தங்கவே செய்யும்.

அதே ரயிலில் என் கையில் வந்த கைக்கடிகாரம் ஏன் முந்தவில்லை என்று கேட்பீர்கள். அதுவும் தந்தையாருடையதே. 1961-இல் ஜப்பானிய சிட்டிஸன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கி, 2016-இல் மூட முடிவு செய்யப்பட்ட எச்.எம்.டி. கடிகாரத் தொழிலின் உருப்படி. கைக்கடிகாரத்தில் ஊசல் இல்லை. அதற்குப் பதில் இப்புறமும் அப்புறமும் சுழன்று திரும்பும் சமநிலைச் சக்கரமும், அதைத் திருப்பி இழுக்கும் முடி போன்ற சுருள்வில்லும் இருக்கின்றன. இதைக் கடைக்காரர்கள் ஹேர் ஸ்பிரிங் என்பர். 1675-இல் இதைக் கடிகாரத்தில் புகுத்தியவரும் ஹைகன்ஸே. திருப்பி இழுப்பது வில்லேயன்றி பூமியன்று. ஆகவே ஊர் மாறினாலும் கவலையில்லை. அதன் சத்துரு உஷ்ணம். சாதாரண எஃகு வில் சூட்டில் தளரும். ஒரு டிகிரிக்கு நாளில் பத்து வினாடிக்கு மேலும் பிசகும். உஷ்ணத்துக்கு அசையாத உலோகக் கலவைகளைக் கண்ட கியோம் என்பவருக்கு 1920-இல் நோபல் பரிசு கிடைத்ததன் அருமை, தில்லியின் மே மாதத்தை அறிந்தவர்களுக்கு விளங்கும். முகத்தில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருப்பதை நகைக்கடைக்குப் பயன்படும் செய்தி என எண்ண வேண்டாம். அச்சின் முனைகள் தேயாதிருக்க வைத்த செயற்கை மாணிக்கக் கற்கள் அவை. விலை சொற்பம், உழைப்பு பெரிது.

பழுது பார்ப்பவரிடம் நான் திரும்பிச் செல்லவில்லை. ஊசற்குண்டின் அடியில் ஒரு சிறு திருகாணி உண்டு. அதை இடப்புறம் திருப்பினால் குண்டு இறங்கி ஊசல் நீளும், கடிகாரம் மெதுவாகும். எனக்கு வேண்டியது கால் மில்லிமீட்டர் நீளம். அரைச் சுற்றுத் திருப்பி, வானொலியில் மணி அறிவிக்கும்போது முள்ளைச் சரியாக வைத்தேன். மறு ஞாயிறு தாயார் வானொலியின் முன் அமர்ந்து, நேர அறிவிப்பு முடியும் வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முக்காலியைக் கொண்டுவரச் சொன்னார்.

வரும் கோடையில் அவர் ஊருக்குப் போய்ச் சில காலம் தங்க விரும்புகிறார். கடிகாரமும் உடன் போகும். அங்கே திருகாணியை வலப்புறம் அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும் என்று பெட்டியின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.