பாடம் செய்த பறவை

வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில், கொடைக்கானல் நகரம் வருவதற்குச் சற்று முன்னரே செண்பகனூர் எதிர்ப்படுகிறது. அங்கே 1895-ஆம் ஆண்டில் சேசு சபைத் துறவிகள் நிறுவிய திரு இருதயக் கல்லூரியை, யாத்திரிகர்களில் பலர் அதன் அருங்காட்சியகத்துக்காகவும் ஆர்க்கிட் மலர்களுக்காகவுமே அறிவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பாடம் செய்து வைத்த பறவை ஒன்றை உற்று நோக்கினால், அலகும் நகமும் இறகும் இருந்தபடியே இருக்கின்றன. பறத்தல் ஒன்றுதான் இல்லை. விசுவாசத்தையும் மனிதன் இவ்வாறு பாடம் செய்து வைத்துக்கொள்ளக் கூடும் என்பதை அந்தச் சபையார் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

அதற்காக மனப்பாடத்தை அவர்கள் இகழ்ந்தவர்கள் அல்லர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அச்சபைத் துறவி சவேரியார், தெருத்தெருவாகக் கைமணியை ஒலித்துச் சிறுவரைத் திரட்டி, ஜெபங்களைத் தமிழில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கினார். அவர் சபையைச் சேர்ந்த ஹென்றிக்கஸ் பாதிரியார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களுள் முதலாவது. அதுவும் ஞானோபதேசச் சிறுநூலே. ஆயினும், பிறருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த அந்தச் சவேரியார், அதற்கு முன்பே 1534-இல் பாரிஸ் மாநகரில், தம் தோழர் இஞ்ஞாசியாரின் வழிகாட்டுதலில் நெடுநாள் ஞான ஒடுக்கத்தில் அமர்ந்து எழுந்தவர் என்பதை மறத்தலாகாது.

பின்னாளில் சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் ஒரு போர்வீரர். 1521-இல் பாம்ப்லோனாக் கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது, பொழுதுபோக்காகக் கையிலெடுத்த கிறிஸ்து சரித்திரம் அவருடைய ஜீவியத்தையே திருப்பிவிட்டது. அந்த அநுபவத்திலிருந்து அவர் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளைப் பாப்பரசர் மூன்றாம் பவுல் 1548-இல் அங்கீகரித்தார். இன்றும் சேசு சபையில் சேரும் ஒவ்வோர் இளைஞனும் ஏறத்தாழ முப்பது நாள் மௌனத்தில் இருந்து, நாள்தோறும் நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், இவற்றைப் பயில்கிறான். முதற்கட்டத்தில் தன் பாவங்களையும், அடுத்து கிறிஸ்துவின் வாழ்வையும், பின்னர் அவர் பாடுகளையும், இறுதியில் உயிர்ப்பையும் தியானிக்கிறான். செய்திகளைச் சேர்ப்பது அவன் வேலையன்று. ஒன்றிலேயே தங்கி அதன் சுவையை உணர்வதே வேலை.

உதாரணமாக, நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் செல்லும் வழியை அவன் மனக்கண்ணால் காண வேண்டும்: அது எவ்வளவு நீளம், சமவெளியா, மேடுபள்ளமா? மலைச்சாலையின் கொண்டையூசி வளைவுகளில் தலைசுற்றி வந்தவனுக்கு, நிறைகர்ப்பிணி ஒருத்தி கடந்த கரடுமுரடான தூரம் அதன்பின் வெறும் சுவிசேஷ வரியாக நிற்பதில்லை.

முப்பது நாள் மௌனம் குடும்பஸ்தர்களுக்கு எளிதில் வாய்ப்பதன்று. ஆனால் உறங்குமுன் கால்மணி நேரம் அமர்ந்து, அன்றைய நாளில் நன்றி சொல்ல வேண்டியது எது, நெஞ்சு கடினப்பட்ட இடம் எது, நாளை செய்ய வேண்டியது எது என்று பார்க்கும் ஆத்தும சோதனையை யாரும் செய்யலாம். நூறு வசனம் அறிந்த அன்பர்களே, இன்றிரவு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும், பேச்சு நின்றுபோன அண்டை வீட்டுக்காரரிடம் முதல் வார்த்தையை நீங்களே பேசுங்கள்.