தலையில் வைத்த கை

தெலுங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் சபை கூடியிருக்கிறது. வயல்வேலை முடித்து வந்தவர்கள் மண்தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் நிற்கிற அத்தியட்சர், ஞானஸ்நானம் பெற்ற எல்லாரையும் அவரவர் தலையில் கை வைக்கச் சொல்கிறார். ஆணும் பெண்ணும் வைக்கிறார்கள். பிறகு அவர் சொல்லச் சொல்ல, தாங்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதையும், நற்செய்தியை அறிவிக்காமல் இருந்தால் கேடு தங்களுக்கே என்பதையும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல் தன்னைப் பற்றிச் சொன்னது அது. அப்போஸ்தலன் சொன்னதை, எழுத்து வாசிக்கத் தெரியாத, களை பறிக்கப் போகிற ஒரு பெண் தன் வாக்காகச் சொல்கிறாள்.

சொல்ல வைத்தவர் நம் வெள்ளாளன்விளை வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் போய்ச் சேர்ந்த கதையும், 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானதும் போன வாரமே சொல்லியாயிற்று. இந்த வாரம் அவர் மனைவி அன்பு மரியம்மாளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தத் தலைகளும் கைகளும் என்னை நகர விடவில்லை. சபையில் சுவிசேஷ ஊழியம் யாருடைய வேலை என்று இத்தனை வாரமாகக் கேட்டுக்கொண்டு வருகிறோமே, அதற்குப் பதில் அந்த ஒரு செய்கையிலேயே இருக்கிறது.

எதற்குத் தலை? ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்த இடம் அது. நம் ஊரில் தலையில் கை வைத்துச் சொன்னால் சத்தியம். அதற்கு மேல் பேச்சில்லை. இன்னொன்றும் உண்டு. ஒருவரைக் குருவாக அபிஷேகம் பண்ணும்போது அத்தியட்சர் அவர் தலையில் கை வைக்கிறார். திடப்படுத்தல் ஆராதனையிலும் அத்தியட்சர் கைதான் தலையில் படுகிறது. இங்கே கூலிக்காரன் தன் கையையே தன் தலையில் வைக்கிறான். அரிவாள் பிடித்துக் காய்த்துப்போன கை. ஊழியத்துக்கான பட்டம் உனக்கு ஞானஸ்நானத்தன்றே கிடைத்துவிட்டது, இன்னொருவர் வந்து தர வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கமும் சொல்லிவிட முடியாது.

அந்த மக்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். தோர்ணக்கல் சபைகளில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதியார். ஊருக்கு வெளியே சேரியில் இருந்தவர்கள். பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். பேசச் சொன்னால் மட்டும்தான் வாய் திறக்கலாம். பரம்பரை பரம்பரையாக வாயைக் கட்டிப் போட்டிருந்த மக்களிடம் ஒருவர் போய், உன் வாயில் உலகத்துக்கே சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது, நீ சொல்லாவிட்டால் அது குறையாகிவிடும் என்கிறார். சுவிசேஷம் அறிவிப்பது அவர்களுக்குக் கடமையாக வருமுன் கௌரவமாக வந்தது. இதை விட்டுவிட்டுத் தோர்ணக்கல்லின் வளர்ச்சியைப் பேச முடியாது. 1940களின் தொடக்கத்தில் அந்த அத்தியட்சாதீனத்தின் சபையார் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சம்பளம் வாங்கின ஊழியர்கள் மட்டும் நடந்து தீர்க்கக்கூடிய தூரமா அது?

தலையில் கை வைத்ததோடு அசரியா அவர்களை அனுப்பிவிடவில்லை. வருஷத்தில் ஒரு வாரத்தைச் சாட்சி வாரம் என்று ஒதுக்கினார். அந்த வாரத்தில் குருமாரும் உபதேசிமாரும் மட்டுமல்ல, சபையே வெளியே போகும். அதற்குமுன் ஆயத்தம் நடக்கும். வயலிலிருந்து திரும்பிக் கஞ்சி குடித்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில், சுவிசேஷத்திலிருந்து ஒரு கதை. உபதேசியார் சொல்வார், இவர்கள் திருப்பிச் சொல்வார்கள். புத்தகம் வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் காதும் நாவும்தான் புத்தகம். பாட்டாகப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். தெலுங்குக் கீர்த்தனையும் பஜனையும் ஆராதனைக்குள் வர வேண்டும் என்று அசரியா விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு கூட்டம் கூட்டமாகப் பக்கத்துச் சேரிக்கும் பக்கத்து ஊருக்கும் போவார்கள். பாடுவார்கள். தங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்வார்கள். கேட்டவர்களில் யாராவது மேலும் அறிய ஆசைப்பட்டால் அங்கே போதனை ஆரம்பமாகும். விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கற்பனைகள் என்று நாள் எடுத்துக் கற்ற பிறகே ஞானஸ்நானம்.

செலவுக்கு எங்கே போவது? பிடி அரிசி இருக்கிறதே. உலை வைக்கும்போது வீட்டுக்காரி ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக்கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். திருநெல்வேலி வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். அடுப்படி மூலையில் இருந்த அந்தக் கலயத்தை நாமே பார்த்திருக்கிறோம். அரைவயிற்றுக் கஞ்சி குடிக்கிறவர்களிடம் காணிக்கை கேட்கலாமா என்று தயங்கியவர்கள் உண்டு. கொடுக்கத் தெரியாத சபை சொல்லவும் கற்காது என்பதில் அசரியா உறுதியாக இருந்தார். கிறிஸ்தவக் காணிக்கையைப் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம் பல மொழிகளில் போயிருக்கிறது. அதன் வேர் இந்தக் கலயத்தில் இருக்கிறது.

இதை அவர் எங்கே கற்றார்? 1902இல் யாழ்ப்பாணம் போயிருந்தார். வெள்ளைக்கார மிஷனெரிமாரின் பணத்தை எதிர்பார்க்காமல், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்துக் கடல் தாண்டி நம் கரைக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தார். ஊருக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று இந்திய மிஷனெரி சங்கம் திருநெல்வேலியில் பிறந்தது. இந்தியர் கை, இந்தியர் பணம், இந்தியர் நிர்வாகம். அந்தச் சங்கம் தெரிந்துகொண்ட இடம்தான் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதி. தமிழர்கள் தெலுங்கு படித்து ஊழியம் பண்ணின இடம். ஆளை அனுப்பிய அசரியாவுக்கே கடைசியில் அங்கே போகாமல் இருக்க முடியவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தானும் போய், அங்கே தெலுங்கு பேசக் கற்றார்.

இன்னும் பின்னால் போனால் நம் திருநெல்வேலிச் சபையின் பிறப்பே இப்படித்தான் இருக்கிறது. 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா ஒரு மராட்டிய பிராமண விதவை. அவரைச் சுற்றித்தான் பாளையங்கோட்டையில் சபை கூடியது. 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பேர். 1785இல் அவர் கட்டின கோயில் இன்றும் இருக்கிறது. அடுத்து சுந்தரானந்தம் தாவீது. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு தன் சொந்தக்காரர்களிடம் போய்ச் சொன்னார். மாமன், மச்சான், சித்தப்பா, பெரியப்பா என்று உறவின் வழியே சொல் போயிற்று. எதிர்ப்பு வந்தபோது 1799இல் முதலூர் என்று புது ஊரே உண்டாயிற்று. மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். அதற்கு முன்பே இங்கே ஒரு விதவையும் ஒரு பனைத்தொழில் குடும்பத்துப் பிள்ளையும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு நமக்கு என்ன ஆயிற்று? உபதேசியார் வந்தார். நல்ல காரியம்தான், அவர் இல்லாமல் நம் தாத்தா பாட்டிக்கு எழுத்தே வந்திருக்காது. ஆனால் வெளிநாட்டு மிஷன் சங்கம் சம்பளம் கொடுக்க, உபதேசியார் சொல்ல, சபை கேட்க என்று வேலை பிரிந்துபோனது. சொல்வதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதியில் சபை வாயை மூடிக்கொண்டது. இன்று சுவிசேஷ ஊழியம் என்றால் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியாரை அழைத்து, பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, போஸ்டர் ஒட்டி மூன்று நாள் கூட்டம் நடத்துவது. இல்லாவிட்டால் வடநாட்டு மிஷனெரி ஒருவருக்கு மாதக் காணிக்கை அனுப்புவது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு இருபது வருஷம் காய்கறி விலையும் கரண்டு பில்லும் பேசியிருப்போம். நாம் ஏன் கோயிலுக்குப் போகிறோம் என்பதை ஒரு தரமாவது சொல்லியிருப்போமா?

நான் அசரியாவைப் பிடித்துக்கொண்டு விடாமல் எழுதுவது இதற்காகத்தான். அவர் இந்தப் பிரிவினையை ஒத்துக்கொள்ளவில்லை. வாயால் சொல்வதையும் வாழ்ந்து காட்டுவதையும் பிரித்துப் பார்க்கவும் இல்லை. அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கு பிசாசுகளை விரட்ட வேண்டும் என்று சபைகளில் சொல்லிக்கொண்டே இருந்தார். சேரியில் குடி நின்றது, வட்டிக்காரன் பிடி தளர்ந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள் என்பதை ஊரார் கண்ணால் பார்த்தார்கள். தோர்ணக்கல்லில் மேல்சாதிக்காரர் சிலரும் பின்னால் சபைக்கு வந்ததற்குக் காரணம், தாங்கள் தீண்டாமல் ஒதுக்கி வைத்தவர்களிடம் கண்ட அந்த மாற்றம். சேரிக்காரர் ஊராருக்குச் சாட்சியானார்.

இந்த இடத்தில் காந்தியடிகளை நினைக்காமல் தாண்டக் கூடாது. 1930களில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமாக மதம் மாறுவதை அவர் கடுமையாக விமர்சித்தார். ஆசை காட்டி மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. அசரியா தேசபக்தர், கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்றவர். ஆனாலும் சேரி மக்களுக்குத் தாங்களே யோசித்து முடிவெடுக்கத் தெரியும் என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதே சமயத்தில், 1933இல், மிஷனெரி வாஸ்கம் பிக்கெட் இந்தியாவின் கூட்ட மனந்திரும்புதல்களை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். ஒருவன் என்ன நோக்கத்தோடு வந்தான் என்பதைவிட, வந்த பிறகு சபை அவனை எப்படிப் பராமரித்தது, என்ன கற்றுக்கொடுத்தது என்பதே அவன் விசுவாசத்தைத் தீர்மானித்தது என்பது அதில் முக்கியமான முடிவு. சபைத் தலைவர்கள் ஒவ்வொருவரும் இதைப் படித்து யோசிக்க வேண்டும். விதைத்துவிட்டு வரப்போடு போய்விடுகிறவனுக்கு விளைச்சல் கிடையாது. ஆசை காட்டுவதும் பயம் காட்டுவதும் சுவிசேஷம் ஆகாது. கேட்கிறவர் வேண்டாம் என்றால் அன்பாகக் கும்பிட்டு வருவதும், மறுநாள் அதே முகத்தோடு அவரிடம் பேசுவதும் ஊழியத்தில் சேர்ந்ததுதான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் சபையில் சிலரிடம் இந்தக் கை வைக்கிற கதையைச் சொன்னேன். தையல்கடை வைத்திருக்கிற ஒரு அண்ணன், "தம்பி, எனக்குப் பேச வராது. துணி வெட்டத்தான் வரும்" என்றார். நான் பதில் சொல்லுமுன் பக்கத்தில் இருந்த ஆச்சி முந்திக்கொண்டார். "ஏம்ல, ஒம் மவன் டைபாய்டுல கெடந்து பொழச்சதை எங்கிட்ட எத்தனை வாட்டி சொல்லிருக்க? அதக் கடைக்கு வாறவங்ககிட்ட சொல்லேன்" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதுல நான் ஜெபம் பண்ணுனதையும் சேத்துச் சொல்லணும், இல்லையா ஆச்சி?" என்று கேட்டார். தோர்ணக்கல் கிராமத்தில் நடந்த பயிற்சிக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கொடுத்திருக்க முடியாது. கூச்சத்தைப் போக்குவது மேடைப் பயிற்சி அல்ல. தனக்கு நடந்ததும் சுவிசேஷத்தில் நடந்ததும் ஒன்றோடொன்று பொருந்துகிற இடத்தைச் சபை அவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஆகவே சபைக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷக் கன்வென்ஷனுக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கையும், அதைவிட முக்கியமாக நான்கு சனிக்கிழமை சாயங்காலங்களையும் இதற்குக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு சுவிசேஷக் கதையைப் புத்தகம் பார்க்காமல், தன் ஊர்ப் பேச்சில் சொல்லப் பழகட்டும். ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்காக ஜெபிக்கட்டும். அந்த வீட்டின் நல்லது கெட்டதில் நிற்கட்டும். ஐந்தாம் வாரம் நற்கருணைக்கு முன் குருவானவர் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, தலையில் கை வைக்கச் சொல்லட்டும். சபை ஜெபித்து அனுப்பட்டும். திரும்பி வந்தபின் யார் எத்தனை பேரைச் சேர்த்தார் என்று கணக்குக் கேட்க வேண்டாம். என்ன சொன்னீர்கள், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விகளிலிருந்து அடுத்த போதனை பிறக்கும்.

அன்பு மரியம்மாளுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படிப்புக்குப் போனவர்களில் ஒருவர். 1898இல் அசரியாவை மணந்தவர். அந்தக் களை பறிக்கிற பெண்கள் வாய் திறந்ததில் அவர் பங்கு பெரிது. அடுத்த வாரம் முழுவதும் அவருக்கே.