பொறி எப்படிப் பாடுகிறது?

ஸ்பீக்கரே இல்லை, கம்பி நுனியில் துடிக்கும் ஊதாப் பொறியிலிருந்து பாட்டு வருகிறது!

இப்படிப் பாடுவது, 1891இல் நிக்கோலா டெஸ்லா உருவாக்கிய சுருளின் குட்டி வடிவமான ஒரு மலிவு விலை கிட். குழாயில் தலைமுடி போன்ற எனாமல் கம்பி நூற்றுக்கணக்கான சுற்று. அடியில் தடித்த கம்பி சில சுற்று மட்டும். மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்ச் மின்சாரத்தை நொடிக்குப் பல லட்சம் முறை விட்டுவிட்டுச் செலுத்த, நுனியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். அந்த வேகம் காதுக்கு எட்டாது. பாட்டின் சிக்னல் பொறியை ஏற்றி இறக்கும்போதுதான் சங்கதியே: சூடேறிய காற்று விரியும், தணிந்தால் சுருங்கும். இந்த அதிர்வுதான் ஒலி. அது நொடிக்கு 440 முறை என்றால், மேலை இசையின் ‘ஏ’ ஸ்வரம்.

பொறி வரவில்லையா? அடிச்சுருளின் இரு முனைகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். சின்னப் பொறிதானே என்று விரலை நீட்டாதீர்கள். ஷாக் தெரியாவிட்டாலும் தோல் பொசுங்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது.