முதுமையெய்திய வீட்டுக் காவலன்

எங்கள் வீட்டுப் படலையில் அந்நியர் எவரேனும் கைவைத்தால் ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி குரைப்பது வீமனின் வழக்கம். அதற்குப் 13 வயது நிறைந்திருந்த காலத்தில், ஒரு நாட் காலை தபாற்காரர் படலையைத் திறந்து விறாந்தை வரை வந்து கடிதத்தை வைத்துச் சென்றார். வீமன் தலையைக்கூட உயர்த்தவில்லை. "வயது போய்விட்டது. இனிச் சாப்பிடுவதும் படுப்பதுந்தான் அதற்கு வேலை" என்றார் ஆச்சி. நாங்களும் அதனை ஒப்புக்கொண்டோம். அவ்வாறு ஒப்புக்கொண்டது எத்துணைப் பெரிய தவறு என்பதை உணர எங்களுக்கு மூன்று மாதங்கள் சென்றன. அத்தவறு பிற வீடுகளில் நிகழாதிருத்தல் வேண்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதுமை என்பது ஒரு நோயன்று. ஆயினும் நாய் முதுமையடையும்போது பல நோய்கள் முதுமையின் போர்வையைப் போர்த்துக்கொண்டு வருகின்றன. மெதுவாக நடந்தால் வயது, உணவை ஒதுக்கினால் வயது, இரவில் முனகினால் வயது என்று நாம் கூறிவிடுகின்றோம். அவற்றுட் பெரும்பாலானவை வேதனையின் அறிகுறிகள். தக்க கவனிப்பினாற் குறைக்கத்தக்கவை.

எந்த வயது முதுமை?

நாயின் ஓராண்டு மனிதனின் ஏழாண்டுகளுக்குச் சமம் என்று பலர் கணக்கிடுவர். இது சரியன்று. முதலாண்டு முடிவில் நாய் ஏறக்குறையப் பதினைந்து வயதுப் பிள்ளையின் வளர்ச்சியை அடைந்துவிடுகிறது. அடுத்த ஆண்டிலும் விரைந்து வளர்ந்து, அதன் பின்னரே வேகம் தணிகின்றது. உடலின் பருமனும் இதிற் கணக்கிடத்தக்கது. அல்சேஷன், லாப்ரடோர் போன்ற பெரிய இன நாய்கள் ஏழு, எட்டு வயதிலேயே முதுமையின் வாசலை அடைகின்றன. சிறிய இனங்கள் பத்து, பதினொரு வயது வரை இளமை குன்றாதிருக்கும். நம் ஊர் நாய்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. இப்பருவத்தை எய்திய நாயை ஆண்டுக்கு இரு முறையேனும் மிருக வைத்தியரிடம் காட்டுதல் நன்று.

நீர்க்கிண்ணம் கூறிய செய்தி

தபாற்காரர் வந்து சென்ற சில வாரங்களின் பின், வீமன் இரவில் விறாந்தையை நனைக்கத் தொடங்கியது. பதின்மூன்று ஆண்டுகளாக ஒரு நாளும் அவ்வாறு செய்யாத நாய் அது. மாலை ஆறு மணிக்குப் பின்னர் அதற்குத் தண்ணீர் வைக்க வேண்டாம் என்று வீட்டாருக்குக் கட்டளையிட்டவன் நானே. வீமன் வெறுங் கிண்ணத்தை நக்கிக்கொண்டு நின்றதைக் கண்டும் நான் மனமிளகவில்லை.

பாடசாலையில் விஞ்ஞானம் கற்கும் என் பெறாமகள்தான் ஐயமுற்றாள். அவள் கிண்ணத்தில் தண்ணீரை அளந்து ஊற்றி, எஞ்சியதை மறுநாட் காலையில் அளந்து, ஒரு கொப்பியிற் குறித்து வந்தாள். "சித்தப்பா, வீமன் ஒரு நாளில் இரண்டு லீற்றருக்கு மேற் குடிக்கிறது" என்று அவள் வந்து கூறியபோதுதான் நாங்கள் வைத்தியரை நாடினோம்.

ஒரு நாய் தன் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் வரை தண்ணீர் அருந்துதல் இயல்பு. வெப்பக் காலத்தில் இது சற்று உயரும். நூறு மில்லிலீற்றரைத் தாண்டினால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். சிறுநீரக நோய், நீரிழிவு, அதிரீனற் சுரப்பியின் கோளாறு, பெண் நாயாயிற் கருப்பையிற் சீழ் கட்டுதல் ஆகியவை அக்காரணங்களுட் சில. வீமனின் நிறை 18 கிலோகிராம். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்த வைத்தியர், சிறுநீரகங்கள் தளர்ந்துவிட்டன என்றார். தளர்ந்த சிறுநீரகம் கழிவை வெளியேற்றுவதற்கு மிகுந்த நீரை வேண்டி நிற்கின்றது. ஆதலாலேதான் நாய் மிகுதியாய்க் குடித்து மிகுதியாய்க் கழிக்கின்றது. அதற்குத் தண்ணீரை மறுத்தல் நோயை முற்றச் செய்வதாகும். என் கட்டளையின் கொடுமை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இந்நோய் ஓசையின்றி வருவது. சிறுநீரகத்தின் தொழிற்றிறனில் ஏறக்குறைய முக்காற் பங்கு குன்றிய பின்னரே இரத்தத்திற் கிரியற்றினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு வெளிப்படையாய் உயரும். எனவே சோதனையை முற்கூட்டிச் செய்வித்தல் அவசியம். நோயை முற்றாக மாற்ற இயலாதெனினும், உப்பும் பொசுபரசும் குறைந்த உணவினாலும், எந்நேரமும் நிறைந்திருக்கும் நீர்க்கிண்ணத்தினாலும் அதன் வேகத்தைத் தணிக்கலாம். கருவாட்டுத் துண்டும் உப்பிட்ட குழம்புச் சோறும் எங்கள் வீட்டில் அன்றோடு நின்றன.

மூட்டு வாதமும் உடற் பருமனும்

முதிய நாய்களை மிகுதியாய் வருத்துவது மூட்டு வாதம். படுக்கையினின்று எழும்பத் தயங்குதல், படியேற மறுத்தல், ஒரே மூட்டை ஓயாது நக்குதல், தொட்டாற் சினத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். நாய் வேதனையால் அலறுவது அரிது. அலறாமையால் வேதனையில்லை என்று எண்ணலாகாது.

இதற்கு முதல் மருந்து உடல் நிறையைக் குறைத்தலே. அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுவதும் அவதானித்த ஆராய்ச்சியொன்றின் முடிவுகள் 2002 ஆம் ஆண்டு வெளியாயின. ஒரு பாதி நாய்களுக்கு மறுபாதியைவிட 25 வீதம் குறைவாக உணவளிக்கப்பட்டது. குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. அவற்றின் மூட்டு நோயும் காலந் தாழ்த்தியே தோன்றியது. நாம் அன்பினால் இடும் மேலதிகப் பாண் துண்டு அந்த அன்புக்கே எதிராக வேலை செய்கின்றது. விலாவெலும்புகள் கண்ணுக்குத் துருத்தாமலும், கையால் தடவும்போது எளிதிற் புலப்படுமாறும் இருப்பதே தக்க நிறை.

வழுவழுப்பான சீமெந்துத் தரையிலும் மாபிள் தரையிலும் முதிய நாயின் கால்கள் வழுக்கும். அது நடமாடும் இடத்தில் ஒரு தும்புப் பாயை விரித்தல் நன்று. பழஞ் சாக்குகளைத் தடிப்பாய் மடித்து மெத்தையாக இடலாம். நடையை முற்றாய் நிறுத்தாது, வெயில் ஏறுமுன்னரும் இறங்கிய பின்னரும் சிறு தூரம் நடத்துதல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மனிதர் உட்கொள்ளும் நோவு மாத்திரைகளை நாய்க்கு ஒருபோதும் நாமாகக் கொடுத்தலாகாது. பரசிட்டமோல் ஈரலைக் கெடுக்கவல்லது. இபுபுரோபன் குடலிற் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். நாய்களுக்கெனத் தனி மருந்துகள் உள. அவற்றையும் இரத்தச் சோதனையின் பின் வைத்தியரின் அளவுப்படியே கொடுத்தல் வேண்டும்.

கண், காது, பல்

ஏழெட்டு வயதின் பின் நாயின் இரு கண்மணிகளிலும் நீலம் பாய்ந்த மங்கல் தோன்றுதல் இயல்பு. இது வில்லை இறுகுவதால் வருவது. பார்வையைப் பெரிதும் கெடுப்பதில்லை. பால் போன்ற வெண்மை படர்ந்தால் அது கண்புரை. திடீரெனப் புரை படர்ந்தால் நீரிழிவு உண்டோ எனப் பார்த்தல் வேண்டும். பார்வை முற்றும் இழந்த நாயும் மூக்கின் துணையால் வீட்டை அறிந்து நடக்கும். நாம் செய்ய வேண்டியது, கதிரை மேசைகளை இடம் மாற்றாதிருத்தலும், கிணற்றுக்குக் கட்டு இல்லையேல் அதனை அடைத்து வைத்தலுமே.

வீமன் தபாற்காரரைக் கண்டு குரைக்காமைக்குக் காரணம் அது செவிடாகியிருந்தமையே. செவிட்டு நாயைப் பின்னாலிருந்து திடீரெனத் தொடலாகாது, திடுக்கிட்டுக் கடித்துவிடும். காலால் நிலத்தைத் தட்டினால் அதிர்வினால் அறியும். கைச் சைகைகளை இளமையிலேயே பழக்கி வைத்தால் முதுமையில் உதவும். அதனைத் தெருவில் அவிழ்த்து விடுதல் ஆபத்து.

வாய் நாற்றத்தை நாயின் இயல்பென்று பலர் எண்ணுவர். அது முரசு நோயின் அறிகுறியாகும். ஒரு பக்கத்தாற் சப்புதல், உணவை வாயினின்று நழுவ விடுதல் ஆகியன கண்டால் பற்களைக் காட்ட வேண்டும். மனிதருக்குரிய பற்பசை நாய்க்கு ஆகாது. அதிற் சேரும் சைலிட்டோல் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு. வெங்காயம், உள்ளி, திராட்சை, சொக்கிலேற்று என்பனவும் விலக்கத்தக்கனவே.

காலந் தாழ்த்தலாகாத நோய்கள்

கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுக்கு முதுமையில் இரண்டு அபாயங்கள் உள. ஒன்று முலைக் கட்டி. மற்றையது கருப்பையிற் சீழ் கட்டுதல். பருவங் கழிந்து சில வாரங்களின் பின் நாய் சோர்ந்து, உணவை வெறுத்து, மிகுதியாய்த் தண்ணீர் குடித்து வாந்தியெடுத்தால் அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்க. உடலில் எங்கேனும் கட்டி தோன்றினால், அது வெறுங் கொழுப்புக் கட்டியா, புற்றுநோயா என்பதைக் கையாற் தடவி நிச்சயிக்க இயலாது. ஊசியாற் சிறிது எடுத்துச் சோதித்தல் வேண்டும்.

நம் நாட்டில் உண்ணிகள் பரப்பும் காய்ச்சலையும் மறத்தலாகாது. முரசு வெளிறுதல், காய்ச்சல், சிறுநீர் கறுத்தல் ஆகியன அதன் குறிகள். முதுமைச் சோர்வென்று விடப்பட்ட பல நாய்கள், உண்மையில் மருந்தினால் மாறக்கூடிய இந்நோயால் வாடியவையே.

சிறிய இன நாய்களுக்கு இருதய வால்வு நோய் மிகுதி. இரவில் இருமுதல், சிறு நடையிற் களைத்தல், மயங்கி வீழ்தல் ஆகியன கண்டால் உறங்கும்போது மூச்சை எண்ணுக. நெஞ்சு உயர்ந்து தாழ்தல் ஒரு மூச்சு. நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் தொடர்ந்து காணப்பட்டால் வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.

சில நாய்கள் நள்ளிரவில் எழுந்து நோக்கமின்றி அலையும், சுவர் மூலையில் முகம் வைத்து நிற்கும், பழகியவரையே மறக்கும். மனிதரின் மறதி நோய்க்கு நிகரான மூளைத் தளர்ச்சி இது. ஏசுவதாற் பயனில்லை. வேளை தவறாத உணவும் நடையும், பகல் வெளிச்சமும், இரவில் ஒரு சிறு விளக்கும் அதன் கலக்கத்தைக் குறைக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

வீட்டிலுள்ள மாணவர்கள் ஒரு கொப்பியை எடுத்து, நாயின் நிறையை மாதம் ஒரு முறையும், நீரின் அளவையும் உறக்கத்தின் மூச்சையும் வாரம் ஒரு முறையும் குறித்து வருக. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின்னர் தனியே ஏறி, வேறுபாட்டைக் கணித்தால் நிறை கிட்டும். அப்பிரதேசத்து அரசாங்க மிருக வைத்தியரிடமோ, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனாசாலையிலோ அக்கொப்பியைக் காட்டினால், வாய் பேசா நோயாளியின் வாக்குமூலமாக அது பயன்படும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை முதுமை கருதி நிறுத்திவிடலாகாது என்பதையும் நினைவிற் கொள்க.

இறுதிக் கடன்

வீமன் அதன் பின்னர் 16 மாதங்கள் எங்களோடிருந்தது. இறுதியில் உணவை மறுத்தது. பின்னர் எழ இயலாமற் கிடந்தது. மயக்க மருந்தினால் அமைதியாக முடிவளிக்கலாம் என்று வைத்தியர் கூறியபோது ஆச்சி இணங்கவில்லை. உயிரைக் கொடுக்க இயலாத நாம் அதனைப் போக்குவது பாவம் என்றார். அவர் கூற்றை எளிதாய்த் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வைத்தியர் எங்களை அவசரப்படுத்தாமல், நல்ல நாள்களையும் தீய நாள்களையும் நாட்காட்டியிற் குறித்து வரும்படி மட்டும் சொன்னார். தீய நாள்கள் தொடர்ந்து வந்தன. மூன்றாம் நாள் அது தண்ணீரையும் தொடவில்லை. "அதன் வேதனையை நாங்கள் நீட்ட வேண்டாம்" என்று ஆச்சியே கூறினார். விறாந்தையில், தன் சாக்கு மெத்தையில், ஆச்சியின் கை தலைமேலிருக்க அது உறங்கியது.

மாபாரதத்தின் முடிவில், தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்த பின்னர் தருமரோடு இறுதிவரை நடந்தது ஒரு நாயே. அதனை விட்டு இந்திரனின் தேரில் ஏற அவர் மறுத்தார். நம்மிடம் அத்துணைப் பெரிய தியாகத்தை எவரும் கேட்கவில்லை. பல்லாண்டு நம் படலையைக் காத்த பிராணியின் கடைசி ஆண்டுகளைச் சிறிது உற்று நோக்குதல் போதும். இன்று மாலை உங்கள் வீட்டு நாயின் நீர்க்கிண்ணத்தை ஒரு முறை அளந்து பாருங்கள்.