லோடு கெட்டால் யார் பெயர் கெடுகிறது?

நாசிக் பக்கம் ஏற்றிய வெங்காயம் கோயம்பேட்டில் இறங்கும்போது ஏற்றிய எடையில் இருக்காது. வழியில் ஈரம் காய்ந்திருக்கும், அடிமூட்டைகள் நசுங்கி நீர் விட்டிருக்கும். மண்டி வியாபாரிக்கு இது தெரியும், புக்கிங் ஆபீஸுக்கும் தெரியும், லாரி முதலாளிக்கும் தெரியும். இருந்தும் கணக்கு முடிக்கிற நேரத்தில் அந்தக் குறைவு ‘ஷார்ட்டேஜ்’ என்று டிரைவரின் பணத்தில் கழிக்கப்படும். மழையில் நனைந்த ஜவ்வரிசிக்கும், பிரேக் அடித்ததில் சரிந்து உடைந்த டைல்ஸ் பெட்டிக்கும் இதே கதிதான். பணத்தோடு போனாலாவது பரவாயில்லை. அவர் அடுத்த வண்டி கேட்டுப் போவதற்குள், “அந்த ஆளா? லோடைக் கெடுத்தவனாச்சே” என்ற பேச்சு அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அமெரிக்காவில் இந்தப் பேச்சு காகிதத்தில் இருக்கிறது. டிரைவர் எந்த நிறுவனத்தில் எத்தனை நாள் ஓட்டினார், எப்படி விலகினார், சரக்குச் சேதம் ஏதும் உண்டா என்பதையெல்லாம் ‘டாக்’ எனப்படும் அறிக்கையாகத் தொகுத்து, வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கு ஹயர்ரைட் நிறுவனம் விற்கிறது. டிரைவர்களுக்கு இதைக் கண்டாலே எரிச்சல். ஆனாலும் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்களுக்குத் துணை நிற்கிறது. அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கலாம். தவறாக இருந்தால் மறுக்கலாம். மறுத்தால் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்தாக வேண்டும், நிரூபிக்க முடியாததை நீக்கியாக வேண்டும்.

நம்மிடம் அப்படி ஓர் அறிக்கை இல்லை என்பது நிம்மதிபோலத் தோன்றும். அது நிம்மதி இல்லை. எழுத்தில் இல்லாத குற்றச்சாட்டை எங்கே போய் மறுப்பது? நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் டிரைவரின் வேலை வரலாறு என்பது முதலாளிகள் போனில் பேசிக்கொள்வதும், வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் லைசென்ஸ் படமும்தான். ஆகவே தன் பக்கத்துக் காகிதத்தை டிரைவரே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில், சரக்கு கெட்டால் சட்டம் யாரைக் கேட்கிறது என்று பார்க்கலாம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன்படி சரக்கு அனுப்பியவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டிரான்ஸ்போர்ட்டர். அவருடைய ஆள் கவனக்குறைவாக நடந்திருந்தாலும் பொறுப்பு அவருடையதே. சரக்கின் மதிப்பைச் சொல்லிக் கூடுதல் வாடகை கட்டி அனுப்பாதவரை, அந்தப் பொறுப்புக்கும் வாடகையைப் போல் 10 மடங்கு என்று விதிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. வழக்குப் போடுவதற்கு முன், சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால், காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு டிரான்ஸ்போர்ட்டரிடம் வசூலிக்க வரும். அனுப்பியவர், காப்பீட்டு நிறுவனம், டிரான்ஸ்போர்ட்டர் ஆகிய மூவருக்கும் இடையில் தீர வேண்டிய இந்தக் கணக்கு, வழக்கத்தில் சத்தமே இல்லாமல் ஸ்டியரிங் பிடிப்பவர் தலையில் இறங்கிவிடுகிறது.

சம்பளத்தில் பிடிக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த ஏற்பாடு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. சரக்கு டிரைவரின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சேதம் நேரடியாக அவருடைய கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். உண்மையான இழப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த ஊதியக் காலத்துச் சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிடித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, தன் தரப்பைச் சொல்ல டிரைவருக்கு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். நடைமுறையில் காற்றில் பறப்பது இந்தக் கடைசி நிபந்தனைதான். “கணக்குல கழிச்சுட்டேன்” என்று சொல்வது விசாரணை ஆகாது.

இந்த நிபந்தனைகளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். வெங்காயத்தின் ஈரம் காய்ந்தது யாருடைய கவனக்குறைவு? தார்ப்பாய் கிழிந்திருக்கிறது என்று கிளம்பும்போதே சொல்லியும் புதிதாக வாங்கித் தராதது யாருடைய குறை? வாடகையில் பார்ட்டி ஒன்றும் கழிக்காதபோது, முதலாளிக்கு இழப்பு எங்கிருந்து வந்தது?

ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். டிரிப் கணக்கில் ஓட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் பேட்டா சம்பளமா, வழிச்செலவுப் பணமா என்று எதிர்த்தரப்பு வாதம் பண்ணும். டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசியதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது வாங்கி வைத்தால், வங்கிக் கணக்கில் பணம் வந்தால், அந்த வாதம் பலவீனமாகும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நியமனக் கடிதம் கேட்பது இப்போது சட்டப்படியான உரிமை. சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் பொருந்தாது.

காசு பிடித்ததைவிட எனக்குப் பெரிய ஆபத்தாகத் தோன்றுவது கையெழுத்து. “பிரச்சினை முடியட்டும், போட்டுட்டுப் போ” என்று நீட்டுகிற தாளில், “என் தவறால் சேதமானது” என்றோ “சரக்கை நான் எடுத்துவிட்டேன்” என்றோ எழுதியிருக்கும். சில இடங்களில் தாளே வெற்றாக இருக்கும். அந்த நேரத்துத் தலைவலி தீரும். ஆனால் நாளைக்கு உங்களைப் பற்றி எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி அதுவாகிவிடும். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால், “சேதம் கண்டேன், காரணத்தை ஏற்கவில்லை” என்று உங்கள் கைப்பட எழுதி, தேதி போட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு முடியும்வரை ஒரிஜினல் லைசென்ஸைப் பிடித்துவைப்பதும் பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. லைசென்ஸ் அரசு உங்களுக்குக் கொடுத்த ஆவணம். பாக்கிக்கு அதை அடமானமாக வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது.

காகிதம் சேரத் தொடங்குவது லோடு ஏற்றும் இடத்தில். மூட்டை அடுக்கிய விதம், கட்டிய கயிறு, தார்ப்பாயின் நிலை, சீல் எண் எல்லாவற்றையும் படம் எடுங்கள். போன் படத்திலேயே நேரமும் தேதியும் பதிவாகிவிடும். பெட்டி ஏற்கெனவே நசுங்கியிருந்தால் அதை லாரி ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். சீல் போட்ட கன்டெய்னர் என்றால், உள்ளே எண்ணிப் பார்க்க உங்களுக்கு வாய்ப்புத் தரப்படவில்லை என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். ஏற்றிய இடத்து எடைச்சீட்டையும் இறக்கிய இடத்து எடைச்சீட்டையும் சேர்த்தே வைத்திருங்கள். இரண்டு எடைமேடைக்கு இடையிலேயே வித்தியாசம் வருவது இந்தத் தொழிலில் யாருக்கும் புதிதல்ல. இறக்கும்போது சீல் உடைக்கும் முன் ஒரு படம், அக்னாலட்ஜ்மென்டில் பெறுபவர் என்ன குறிப்பு எழுதினார் என்பதற்கு ஒரு படம். வண்டி கவிழ்ந்தாலோ வழியில் சரக்கு திருடு போனாலோ, எந்த மாநிலமாக இருந்தாலும் அந்த எல்லைக் காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதலாளிக்குப் போனில் சொன்னதையே வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போடுங்கள். “ஊருக்கு வந்து பேசிக்கலாம்” என்று வண்டியை எடுத்தால், தாமதத்தையே குற்றமாக்கிவிடுவார்கள்.

சேதமும் திருட்டும் வேறு வேறு என்பதை வேலை பார்க்கும் இடத்தில் அடிக்கடி குழப்புகிறார்கள். சரக்கு உடைந்தது சிவில் கணக்கு. சரக்கை டிரைவர் விற்றுவிட்டார் என்றால் அது நம்பிக்கை மோசடி: பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் சரக்கு ஏற்றிச் செல்பவருக்கும் ஊழியருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21-ஆம் விதியும் ஏற்றிய சரக்கைத் திருடுவதையும் ஓவர்லோடு ஏற்றுவதையும் லைசென்ஸை முடக்கத்தக்க செயல்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. சாதாரண சேதம் அந்தப் பட்டியலில் இல்லை. ஷார்ட்டேஜுக்காக மிரட்டி வாங்கும் திருட்டு ஒப்புதல், காசோடு லைசென்ஸையும் தொடுவது இதனால்தான்.

பொய்ப்புகார் வந்தாலும் கலங்கி ஓட வேண்டாம். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைதுக்கான காரணத்தைப் பதிவு செய்யாமல் போலீஸ் கைது செய்யக் கூடாது. கைது தேவையில்லை என்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸுக்குப் போய் நில்லுங்கள், படங்களையும் எடைச்சீட்டுகளையும் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். வழக்கு முடிந்தால் அந்த உத்தரவின் நகலைக் கண்டிப்பாக வாங்கி வையுங்கள். அடுத்த வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்புக் கேட்கும்போது எப்.ஐ.ஆர். தெரியும், அது முடிந்துபோனதை நீங்கள்தான் காட்ட வேண்டும். லைசென்ஸை முடக்குவதாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. உங்கள் விளக்கத்தைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதன்மேல் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

விசாரணை இல்லாமல் பிடித்த பணத்துக்குத் தொழிலாளர் துறையில் மனுப் போடலாம். பழைய சட்டத்தில் 12 மாதமாக இருந்த காலவரம்பு இப்போது 3 ஆண்டு. பிடித்ததைத் திருப்பித் தரச் சொல்வதோடு, 10 மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மனு எழுத ஆள் வேண்டும் என்றால் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணில் கேட்கலாம். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வக்கீல் இலவசம்.