இதயக் கீழறைகளின் முறுக்கத் தொடர்பு

இதயம் சுருங்கும்போது இடது கீழறை குறுகுவதோடு நிற்பதில்லை; ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொள்கிறது. இந்த உவமையை ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்டு லோவர் 1669-இல் வெளியான தம் நூலிலேயே கையாண்டுள்ளார். ஆனால் முறுக்கம் இடது கீழறையின் தனி வேலை அன்று. வலது கீழறையின் நிலை அதைப் பாதிக்கிறது. இடது கீழறையின் முறுக்கமும் வலது கீழறைக்குத் துணைசெய்கிறது.

கறிக்கடையில் வாங்கிய ஆட்டு இதயத்தை நன்கு வேகவைத்து, மேல்கொழுப்பை உரித்தால் தசையிழைகள் சாய்வாக ஓடுவது தெரியும். வெளியடுக்கு ஒருபுறம் சாய, உள்ளடுக்கு எதிர்ப்புறம் சாய்கிறது. இரண்டும் ஒருசேர இழுத்தாலும், வெளியடுக்கு மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் அதன் இழுவையே வெல்லும். கீழ்நுனிப் பக்கமிருந்து நோக்கினால் நுனி இடஞ்சுழியாகவும், வால்வுகள் உள்ள மேற்பகுதி வலஞ்சுழியாகவும் திரும்புகின்றன. நலமான இதயத்தில் இவற்றின் வேறுபாடு ஏறத்தாழ 10 முதல் 20 பாகை. சுருக்கம் முடிந்ததும் முறுக்கு சுருள்வில் போல் விடுபட்டு, மேலறையிலிருந்து இரத்தத்தை உறிஞ்ச உதவுகிறது.

அதே ஆட்டு இதயத்தில் இன்னொன்றும் கவனிக்கலாம். வெளியிழைகளில் சில வலது கீழறையிலிருந்து இடது கீழறைக்கு இடைவெளியின்றித் தொடர்கின்றன. இரு அறைகளுக்கும் நடுச்சுவர் பொது. சுற்றியுள்ள இதய உறையும் ஒன்றே. ஆகவே ஓர் அறை வீங்கினால் மற்றதன் வடிவம் மாறுகிறது.

வலது கீழறையின் சுவர் மெல்லியது. சுருங்கும்போது அதன் அழுத்தம் சுமார் 25 மி.மீ. பாதரசம் மட்டுமே (இடப்புறம் 120). அந்த 25-லும் 20 முதல் 40 விழுக்காடு வரை இடது கீழறையின் சுருக்கத்தால், முக்கியமாக நடுச்சுவர் வழியே, கிடைப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. 1943-இல் ஸ்டார் குழுவினர் நாய்களின் வலது கீழறை வெளிச்சுவரைச் சுட்டுச் செயலிழக்கச் செய்தனர். சிரை அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. இதனால் வலது கீழறை அவ்வளவு முக்கியமல்ல என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது தவறான முடிவு. நுரையீரல் அழுத்தம் இயல்பாக இருக்கும்வரைதான் இடப்புறத்தின் உதவி போதும்.

நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடும்போது வலது கீழறை விரிந்து, நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது. வட்டமாக இருந்த இடது கீழறையின் குறுக்குவெட்டு ஒருபுறம் தட்டையாகிறது. நடுச்சுவரின் சாய்ந்த இழைகள் நீண்டு கிடைமட்டமாவதால் முறுக்கும் திறன் குறைகிறது என்பது ஒரு விளக்கம். மேலும், சுமையேறிய வலது கீழறை தாமதமாகவே தளர்வதால், இடது கீழறை முறுக்கவிழ்ந்து நிரம்ப வேண்டிய நேரத்திலும் நடுச்சுவர் அழுத்தப்படுகிறது. இடது கீழறை இரத்தத்தை வெளியேற்றும் விழுக்காடு இயல்பாகத் தோன்றும்போதே முறுக்கம் குறைந்திருக்கலாம்.

இது பெருநகர ஆய்வகங்களுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் பல ஆண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைப்பவர்களுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரலாம். அது முற்றினால் வலது கீழறையில் சுமை ஏறும். கால் வீக்கம், மூச்சிரைப்புடன் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவரும் ஒருவருக்கு நுரையீரலை மட்டும் பார்த்தால் போதாது. முறுக்கத்தைப் பாகையில் அளக்கத் தனி மென்பொருள் வேண்டும். ஆனால் நடுச்சுவர் தட்டையாகியிருப்பதைச் சாதாரண எக்கோ பரிசோதனையிலேயே காணலாம்.