ஓசையை அளக்கும் ஏரி

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது பாண்டரே ஏரி. கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த நன்னீர் ஏரியில்தான் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளின் ஓசையை ஆராய்கிறது. ஆழம் சுமார் 350 மீட்டர். கடலின் இரைச்சல் இங்கே இல்லை. படகுகளின் நடமாட்டமும் குறைவு. மெல்லிய ஓசையையும் பிரித்தறிய ஏற்ற இடம்.

ஓசைக்கு ஏன் இவ்வளவு கவனம்? கடலுக்குள் ஒளி சீக்கிரமே மங்கிவிடும். ஒலியோ நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் நெடுந்தூரம் போகும். ஓசை எழுப்பும் நீர்மூழ்கி எதிரியிடம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒலியைக் கேட்டுப் பிறவற்றைக் கண்டறியும் அதன் சொந்த சோனார் கருவியும் பிற ஒலிகளைக் கேட்கத் திணறும்.

நீர்மூழ்கியின் ஓசை மூன்று இடங்களில் பிறக்கிறது: எந்திரங்கள், புரொப்பெல்லர், கப்பலின் உடலை உரசி ஓடும் நீர். எந்திரத்தை அதிர்வுதாங்கிகள்மேல் பொருத்தி அதன் ஓசையைப் பெருமளவு அடக்கலாம். நீரின் ஓசைக்கு அந்த வழி உதவாது. நீர் சுழித்து ஓடும்போது அழுத்தம் கணந்தோறும் ஏறி இறங்கும். அந்தத் துடிப்பில் உடல்தகடுகள் அதிரும். சுக்கான், துருத்தி நிற்கும் பகுதிகள், திறப்புகள் எல்லாம் சுழிகளைக் கூட்டும். 1955இல் ஆய்வாளர் கர்ல் வகுத்த கோட்பாட்டின்படி, நீரோட்டம் சிறு பரப்பில் மோதி எழுப்பும் ஒலியின் திறன் வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டித்தால் திறன் 64 மடங்காகும்.

நீரின் ஓசையைத் தனியே அளப்பது எப்படி? ஏரியில் அதற்கு அருமையான முறை ஒன்று உண்டு. எந்திரமே இல்லாத மாதிரிக்கலத்தை ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டுவிடுவார்கள். நீரில் அமுக்கிய பந்துபோல அது மிதப்பு விசையால் மேலே பாயும். அப்போது கேட்பது பெரும்பாலும் நீரின் ஓசைதான்.

புரொப்பெல்லரைச் சோதிக்க வேறு கலங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றான ‘கட்த்ரோட்’ சுமார் 34 மீட்டர் நீளமுள்ள, ஆளில்லா நீர்மூழ்கி. விர்ஜீனியா வகை நீர்மூழ்கியின் சிறிய வடிவம். புரொப்பெல்லர் வேகமாகச் சுழலும்போது அலகின் மீது அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழிகள் தோன்றும். அவை நொறுங்கும்போது பேரிரைச்சல் எழும். இதைத் தள்ளிப்போடவே அலகுகளை வளைத்துச் செய்கிறார்கள். புரொப்பெல்லரைக் குழலுக்குள் அடக்கி, பம்ப்ஜெட்டாகவும் அமைக்கிறார்கள்.

இந்த அறிவு போருக்கு மட்டும் பயன்பட்டால் போதாது. சரக்குக் கப்பல்களின் புரொப்பெல்லர் இரைச்சல், ஒலியால் உறவாடும் திமிங்கிலங்களின் குரலை அமிழ்த்துகிறது. அதைக் குறைக்க சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014இல் வெளியிட்டு 2023இல் திருத்திய வழிகாட்டுதல்கள் கட்டாயமானவை அல்ல. அமைதியான கப்பலைக் கட்டும் வழி தெரிந்த பிறகும் கடலை இரைச்சலில் விட்டுவைப்பது நியாயமில்லை. அந்த வழிகாட்டுதல்களைக் கட்டாய விதிகளாக்க வேண்டும்.